முதுகலை மாணவர் அம்பேத்கர்: நியூயார்க்கில் படித்ததும் நமக்கு விட்டுச் சென்றதும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வட்டாரத்துச் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைகள் பலர், தம் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் தலைமுறையினர். அவர்களுள் ஒருவர் கல்வியும் சமூகக் கொள்கையும் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர விரும்பினால், அவரிடம் முதலில் கேட்கப்படுவது அதைப் படித்து என்ன பயன் என்பதுதான். மருத்துவம், பொறியியல் என்றால் எவருக்கும் விளங்கும். ஆசிரியர் பயிற்சி என்றால் வேலை கிடைக்கும் என்று சொல்லலாம். பள்ளிகள் யாருக்காக நடத்தப்படுகின்றன, அரசின் பணம் எந்தத் தெருவரை வந்து நின்றுவிடுகிறது என்று ஆராய்வதற்கு ஒரு ஏழைக் குடும்பம் தன் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டுமா?

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தன் வாழ்வால் விடையளித்த மாணவர் ஒருவர் இருக்கிறார். கையில் அரசமைப்புச் சட்டத்தை ஏந்திய சிலையாகவே நாம் அவரைப் பெரிதும் அறிந்திருக்கிறோம். 22 வயதில், கைச்செலவைக் குறைத்துக்கொண்டு, நூலகத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த முதுகலை மாணவராக அவரை நினைவுகூர்வது இன்றைய தேவை.

பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைநகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார்; படையினருக்கான பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். குடும்பம் சாதாராவுக்குக் குடிபெயர்ந்த பின், அங்குள்ள பள்ளியில்தான் கல்வியின் இரு முகங்களையும் சிறுவன் பீம்ராவ் கண்டார். பாடம் அவர் காதில் விழுந்தது. ஆனால் அமர்வதற்கான சாக்குத்துணியை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. பள்ளி ஊழியர் ஊற்றினால் மட்டுமே தண்ணீர். அவர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். பின்னர் பம்பாயில் படித்தபோதும் சமஸ்கிருதம் பயில விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகமே வாய்த்தது. பள்ளியில் சேர்த்துக்கொள்வது வேறு, சமமாகக் கற்பிப்பது வேறு என்பதை அவர் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் வெற்றி பெற்றபோது பம்பாயில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே மராத்தி எழுத்தாளர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். கேளுஸ்கரின் பரிந்துரையால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடமிருந்து மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் இளங்கலைத் தேர்வில் வென்றார். சாயாஜிராவ் 1893இல் அம்ரேலி வட்டத்திலும், 1906இல் தம் அரசு முழுவதிலும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். அரசு ஒன்று கொள்கை முடிவாக எடுத்தால் கல்வி எதுவரை செல்ல முடியும் என்பதற்கு அன்று இந்தியாவில் இருந்த முன்மாதிரி பரோடா. ஒரு தலித் மாணவரின் மேற்படிப்புக்கு அங்கிருந்து பணம் வந்தது முற்றிலும் தற்செயலாக நடந்ததன்று.

1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். மனைவி ரமாபாய், குழந்தை, பெரிய குடும்பம் என்று பொறுப்புகள் இருந்தன. அவ்வாண்டில் பரோடா அரசு சில மாணவர்களை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களுள் ஒருவராக அம்பேத்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுக் காலம். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்ற வேண்டும். 1913 ஜூன் 4 அன்று இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜூலை மாதத்தில் நியூயார்க்கில் இறங்கினார்.

முதல் சில மாதங்கள் புதிய நகரின் சுதந்திரத்தில் கழிந்தன. யாரும் சாதி கேட்காத உணவு மேசையில் முதன்முறையாக அமர்ந்தவருக்கு அது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஆனால் தம்மிடம் இருப்பது மூன்றே ஆண்டுகள் என்பதை விரைவில் உணர்ந்துகொண்டார். பார்சி இளைஞர் நவல் பதேனாவுடன் ஒரே விடுதியில் தங்கினார்; அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. உதவித்தொகையில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்துக்குச் சென்றது. மிஞ்சியதில் வயிற்றைக் கட்டி, பழைய புத்தகக் கடைகளில் அவர் வாங்கிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 2,000.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் பட்டியலை இன்றைய மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4. பட்டத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகம். வேலைச் சந்தையைப் பார்த்துத் தொகுத்த பட்டியலாக இது தோன்றவில்லை. ஒரு சமூகம் செல்வத்தை எப்படிப் பகிர்கிறது, அந்தப் பகிர்வை எந்த நம்பிக்கைகளால் நியாயப்படுத்துகிறது, அதை மாற்றிய சமூகங்கள் எப்படி மாற்றின என்ற கேள்விகளைத் துரத்திச் சென்றவரின் பட்டியல் இது. செலிக்மனிடம் பொதுநிதி கற்றார். ஜான் டூயியிடம் மெய்யியல் கேட்டார்.

டூயி அன்று கல்விக்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தவர். அப்பொருளில் அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1916இல், அதாவது அம்பேத்கர் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்ட ஆண்டில், வெளிவந்தது. ஒரு சமூகம் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க வேண்டியதில்லை, எதைக் காப்பது எதைக் கைவிடுவது என்று தேர்ந்தெடுக்கும் இடமே பள்ளி என்பது டூயியின் கருத்துகளுள் முதன்மையானது. சாக்குத்துணியில் அமர்ந்து படித்த ஒருவருக்கு இக்கருத்து எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் அம்பேத்கர் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1915 மே மாதத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றிய ஆய்வுரையை முதுகலைப் பட்டத்துக்காக எழுதி முடித்தார். அவ்வாண்டே பட்டம் கிடைத்தது. கம்பெனி எதற்கு வரி வாங்கியது, வாங்கிய பணத்தை எதற்குச் செலவிட்டது என்ற கணக்கு அதில் இருந்தது. அடுத்த ஆண்டு மே 9 அன்று, மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். அகமண முறையே சாதியின் சாரம். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தைத் திருமணம் ஆகியவை அந்த அகமணத்தைக் காப்பதற்கான ஏற்பாடுகள் என்று 25 வயது மாணவர் நிறுவினார். சாதியைப் பற்றி அன்றுவரை எழுதியவர்களுள் பெரும்பாலோர் அதைக் காப்பவர்களாகவோ வெளியிலிருந்து வியப்பவர்களாகவோ இருந்தனர். அதன் சுமையைத் தோளில் தாங்கியவர், பல்கலைக்கழகத்தின் கருவிகளைக் கொண்டு அதைப் பிரித்துக் காட்டியது ஒரு திருப்பம்.

1916 அக்டோபரில் லண்டனுக்குச் சென்று, பொருளியல் பள்ளியிலும் சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதென்று பரோடா அழைத்துக்கொண்டது. படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் தாயகம் திரும்பினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் தாக்குதலில் மூழ்கியது. பசியோடு சேர்த்த நூல்களுள் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று.

பரோடாவில் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் ஒரு முதுகலைப் பட்டதாரிக்கு நடந்ததாக அதை மீண்டும் வாசிக்க வேண்டும். மன்னரின் இராணுவச் செயலர் பதவியில் அமர்ந்தவரின் மேசைமீது கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து எறிந்தனர். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டுவிட்டு பம்பாய்க்கு இரயில் ஏறினார். அவரது உயர்கல்விக்குச் செலவிட்ட அரசின் தலைநகரிலேயே அவருக்குக் குடியிருக்க ஓர் அறை இல்லை. கல்வி ஒரு தனிமனிதரை உயர்த்தலாம். சமூகத்தின் விதிகள் மாறாதவரை அந்த உயர்வு வாசற்படியிலேயே நின்றுவிடும். சமூகக் கொள்கை என்ற சொல்லின் பொருளை அந்தப் பூங்காவில் அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் குடிப்பதற்கு அங்கும் எதிர்ப்பு எழுந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் பதேனா கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் லண்டன். 1921இல் மற்றொரு முதுநிலைப் பட்டம், 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம், வழக்கறிஞர் தகுதி. இத்தனைக்கும் பின்னால், பம்பாயில் தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் வறுமையைச் சுமந்தவர் ரமாபாய். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளுள் நால்வர் இறந்தனர். அம்பேத்கரின் பட்டங்களை எண்ணும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

அந்தப் படிப்பு எங்கே போயிற்று என்பதற்கு 1927ஆம் ஆண்டின் பம்பாய் சட்டமன்ற நடவடிக்கைகள் சான்று. நியமன உறுப்பினராக நுழைந்த அம்பேத்கர், வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கல்விச் செலவை எடுத்துக்கொண்டார். மாகாண அரசு மக்களின் கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது. கலால் வரியாக அதே மக்களிடமிருந்து தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறது. குடியால் பெறுவதையாவது கல்வியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினா. கம்பெனியின் வரவு செலவைக் கொலம்பியாவில் ஆராய்ந்த மாணவர், மாகாணத்தின் வரவு செலவை அதே கண்ணால் பார்த்தார். உருக்கத்தை ஒதுக்கிவிடலாம்; கணக்கை அரசால் ஒதுக்க முடியாது.

மறு ஆண்டு, சைமன் குழுவிடம் பம்பாய் மாகாண ஒடுக்கப்பட்டோரின் கல்விநிலை குறித்த அறிக்கையை அளித்தார். கம்பெனி ஆட்சி கல்வியை முதலில் யாருக்கு ஒதுக்கியது என்பதிலிருந்து அது தொடங்குகிறது. 1856இல் தார்வாரில் மகர் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர மனுக் கொடுத்ததும், மேல்சாதியினர் வெளியேறிவிடுவர் என்ற அச்சத்தால் அரசு மறுத்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஒடுக்கப்பட்டோர் படிக்காததற்கு அவர்களின் ஆர்வமின்மையே காரணம் என்ற பழியை, அரசின் சொந்த ஆவணங்களைக் கொண்டே அவர் உடைத்தார். கல்விக் கொள்கையின் வரலாற்றைப் படித்தவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும்.

1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அக்டோபர் 29 அன்று பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றிய விரிவான மனுவை வைசிராய் லின்லித்கோவிடம் கொடுத்தார். பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் தலா மூன்று லட்சம் ரூபாய் தரும் அரசு, பட்டியல் சாதியினருக்கு என்ன தருகிறது என்று கேட்டார். அதன் விளைவாகப் பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டுக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டனர். 1944இல் தொடங்கிய மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் இன்றும் நம் கல்லூரி மாணவர்களின் கைக்கு வருகிறது. ஒரு மன்னரின் தயவால் படித்தவர், அடுத்தவர் எவரும் தயவுக்குக் காத்திருக்கக் கூடாதென்று அதை அரசின் கடமையாக்கினார்.

இங்கே ஒரு செய்தியை நாம் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அந்த 1942 மனுவில் அம்பேத்கர் வலியுறுத்தியது அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்வியை. கலை, சட்டப் படிப்புகள் மட்டும் நம் மக்களுக்குப் போதா என்பது அவர் கருத்து. அறிவியல் படிப்புக்கு அதிகச் செலவாகும், அரசின் துணையின்றி நம் பிள்ளைகள் அங்கே நுழைய முடியாது என்பதே அதற்குக் காரணம். மூடியிருந்த கதவைத் திறக்கச் சொன்னார். திறந்திருந்த கதவை மூடச் சொல்லவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது கலையும் அறிவியலும் அங்கே சேர்ந்தே கற்பிக்கப்பட்டன.

1952 ஜூன் 5 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அதைப் பெறுவதற்காக அவர் நியூயார்க் சென்ற வேளையில், ஜூன் 1 அன்று, டூயி காலமானார். ஆசிரியரை மீண்டும் காணும் வாய்ப்பு நான்கு நாட்களில் தவறிப்போயிற்று. 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கரும் மறைந்தார்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டு முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு அனுப்ப ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் பட்டியல் சாதியினருக்கு 115. இத்தனை கோடி மக்களுக்கு இத்தனை இடங்கள் போதுமா என்பது ஒருபுறமிருக்க, 2022இல் அத்திட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இனி உதவித்தொகை இல்லை. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே பல்கலைக்கழகங்கள் உள்ளன என்பது சொல்லப்பட்ட காரணம். 2025இல் தேர்வு பெற்ற 106 பேருள் முதற்கட்டமாக 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. நிதி இருந்தால்தான் மற்றவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. 1917இல் லண்டனில் படிப்பு பாதியில் நின்ற மாணவரின் நிலை நமக்கு நினைவுக்கு வருகிறது.

இவ்விதியை 1913ஆம் ஆண்டின் விண்ணப்பத்தோடு பொருத்திப் பார்ப்போம். சாதியின் தோற்றம் பற்றி எழுதிய மாணவருக்கு இடமில்லை. கம்பெனி ஆட்சியின் நிதி வரலாற்றை ஆராய்ந்தவருக்கும் இடமில்லை. அம்பேத்கரின் பெயரால் விழா எடுக்கும் அரசின் உதவித்தொகையில், அம்பேத்கர் படித்த பாடத்தையே படிக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் நிலையை ஆய்வுப் பொருளாகக் கொண்டு, கல்வியும் சமூகக் கொள்கையும் படிக்க ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தால் அவரும் இவ்விதியில் தடுக்கி விழுவார்.

நம்மைப் பற்றிய ஆய்வு என்ன செய்யக்கூடும் என்பதற்கு அந்த ஊரின் மண்ணே சான்றாக இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பேத்கர் பிறந்த அதே 1891இல், மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அங்குள்ள பறையர் மக்களின் நிலமின்மையையும் அடிமைநிலையையும் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. ஓர் அறிக்கை நிலத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால் அதை எழுதியவர் வெள்ளை அதிகாரி. எழுதப்பட்டவர்கள் நம் முன்னோர். அந்த நிலங்களுள் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போனதை ஆவணங்களோடு கேட்க, அறிக்கையை எழுதும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

ஆகவே அந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரிடம் நாம் பொறுமையாகச் சொல்ல வேண்டியது உண்டு. உங்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திய உதவித்தொகை, அத்தகைய படிப்பைப் படித்த ஒருவரின் மனுவிலிருந்து வந்தது. அதே வேளையில் அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. 2022இன் தடை நீக்கப்பட வேண்டும். இடங்களின் எண்ணிக்கை உயர வேண்டும். தேர்வு பெற்ற மாணவர் எவரும் நிதிக்காகக் காத்திருக்கும் நிலை கூடாது. இயக்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். மாணவர்கள் விண்ணப்பிப்பதை நிறுத்தக் கூடாது. மறுக்கப்பட்டால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தார்வார் சிறுவனின் மனு மறுக்கப்பட்டது. ஆனால் அது ஆவணமாக இருந்ததால்தான், 72 ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதுகலைப் பட்டதாரியால் அதை அரசின் முன் எடுத்து வைக்க முடிந்தது.